பிளாஸ்குக்கு ஊசி போட முடியாது

பெண்கள் எலும்பு முறிவு வார்டு,
ஆறாம் கட்டில்,
உன் அலுவலக அறைக்கு நேர் மேல் மாடி.
சனிக்கிழமை, பிற்பகல்.

சிரஞ்சீவி ரதீஷுக்கு உன் பெரியம்மா எழுதுவது.

இங்கு நான் நலம், அங்கு உன் நலமறிய ஆவல் என்று தொடங்குவதே முறை. ஆனால் நான் கணுக்காலில் தகடும் திருகாணிகளும் பூட்டப்பட்டு, நீ நிர்வாக அலுவலராக இருக்கும் மருத்துவமனையிலேயே படுத்திருக்கிறேன். நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நலமில்லை என்று எழுதினால் உன்மேல் புகாராகிவிடும். எனவே அந்த வரியை உன் வசதிப்படி நிரப்பிக்கொள். உன் மனைவிக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். ஒரு மாடி தள்ளி இருப்பவனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். நேரில் வந்து பேசலாமென்றால் மருத்துவர் என்னைப் படி இறங்க விடவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ படிக்காமலே கட்டைவிரலை உயர்த்தி ஒரு படம் அனுப்பிவிடுகிறாய். காகிதத்தில் எழுதியதற்குக் கட்டைவிரலைக் காட்ட முடியாது. பதில்தான் சொல்ல வேண்டும்.

விஷயம் இதுதான். எங்கள் வார்டு நர்ஸ் பிரீனாவுக்கு நீ நேற்று ஒரு மெமோ கொடுத்திருக்கிறாய். பார்வையாளர்களிடம் கனிவின்றி நடந்தாள், மூத்தோரை அவமதித்தாள், உறங்கிக்கொண்டிருந்த நோயாளியை எழுப்பித் துன்புறுத்தினாள். திங்கட்கிழமை விசாரணை, தக்க விளக்கம் தராவிட்டால் வேலை நீக்கம். மொழிநடை நன்றாக இருக்கிறது. எழுத்துப் பிழையும் இல்லை. உண்மை ஒன்று மட்டும்தான் இல்லை. புகாரில் பதினோரு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்களாம். முதல் கையெழுத்து உன் அம்மா, அதாவது என் உடன்பிறந்த தங்கை சொர்ணம்மாள் போட்டது என்பதும் எனக்குத் தெரியும். நீ தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை. அது நல்ல குணம், வீட்டுக்குள் இருக்கும்வரை. இனி நான் எழுதுவதைப் பொறுமையாகப் படி. நடுவில் தொலைபேசி அடித்தால் எடுக்காதே. பிரீனாவுக்கு அந்தச் சலுகை என்றுமே கிடைத்ததில்லை.

முதலில் இந்த வார்டு மாலை வேளையில் எப்படி இருக்கும் என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். நீ ஐந்து மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாய். நாடகம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நம் மாவட்டத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், கேள்விப்பட்டவர் அத்தனை பேரும் வந்து பார்த்தாக வேண்டும். கலியாணத்துக்கு வராதவனைக்கூட மன்னிப்பார்கள், கால் ஒடிந்தபோது வந்து பார்க்காதவனைப் பேரன் காலம்வரை சொல்லிக் காட்டுவார்கள். ஆகவே கொட்டாரத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் ரொட்டிப் பொட்டலமும் ஏத்தன்பழச் சீப்புமாகக் கூட்டம் வந்து இறங்குகிறது. வந்தவர்கள் தங்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் போவார்களா என்றால் இல்லை. பக்கத்துக் கட்டிலை நோட்டம் விட்டு, ஊர் விசாரித்து, பெண் கொடுத்த வழியிலோ எடுத்த வழியிலோ ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்து, அங்கேயும் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆறு கட்டில் வார்டில் நாற்பது பேர். அதில் நோயாளி யார் என்று கண்டுபிடிக்க ஒரே வழி, படுத்திருப்பவர் யார் என்று பார்ப்பதுதான். அதுவும் நம்பத்தக்கதல்ல, ஏனென்றால் மூன்றாம் கட்டிலில் நோயாளியின் நாத்தனார் நடுமுதுகு வலிக்கிறது என்று சற்றுக் கட்டையைச் சாய்த்திருந்தாள், நோயாளி ஸ்டூலில் உட்கார்ந்து அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. வைத்தியத்திலும் ஒரு கை கொடுக்கிறார்கள். சென்ற வாரம் ஒரு மருமகள், மாமியாருக்கு ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸின் சக்கரத்தை முழுவதுமாகத் திறந்துவிட்டாள். ஏன் என்று பிரீனா பதறிக் கேட்டபோது, "இது தீந்தா எனக்குக் கடேசி பஸ்ஸப் பிடிக்கலாம்லா" என்றாள். இன்னொரு வீட்டார், காலையில் ஆபரேஷன், வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று மூன்று முறை சொல்லியும், "வெறும் வயித்தோட கத்திக்கு அனுப்பச் சொல்லுதியளா, நாங்க என்ன மனுசங்க இல்லியா" என்று ஒரு பழத்தைப் போர்வைக்குள் வைத்து ஊட்டிவிட்டார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்து வாயைத் திறக்கச் சொன்னபோது ஏத்தன்பழ வாசம் வந்தது, ஆபரேஷன் தள்ளிப்போனது, அதற்கும் நர்ஸைத்தான் திட்டினார்கள். அவள் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு முதல் கட்டிலில் இருந்து ஆறாம் கட்டில் வருவதற்குள் ஒருவர் சுடுதண்ணீர் எங்கே என்கிறார், ஒருவர் ஃபேன் சத்தம் போடுகிறது என்கிறார், ஒருவர் துபாயில் இருக்கும் மகனை வீடியோவில் காட்டி "சிஸ்டர், இவனுக்கு இங்கிலீஷ்ல சொல்லிக் குடுங்க" என்கிறார். நான் முப்பத்து நான்கு வருடம் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நின்றவள். ஒரு பெண் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக அமிலத்தை இறக்கும்போது இன்னொருத்தி அவளிடம் மணி கேட்டால், மணி கேட்டவளை வெளியே அனுப்பியிருக்கிறேன். அங்கே கெட்டுப்போவது ஒரு கூம்புக் குடுவை கரைசல் மட்டும். இங்கே கெட்டுப்போவது என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி பிரீனாவைப் பற்றி. குளச்சல் பக்கத்துக் கடற்கரைப் பெண். அவளை ஒரு மாடப்புறாவாக உனக்கு வருணிக்கப் போவதில்லை. வாய் நீளம், முகம் சுளிக்கத் தெரியும், என் ஊன்றுகோல் வழியில் கிடந்தபோது காலால் தள்ளிவிட்டுப் போனாள். அவளுக்குப் பிறகு மாலைப் பணிக்கு வர வேண்டிய சிந்தியா அயர்லாந்துக்குப் போய்விட்டாள். அந்த இடத்துக்கு ஆள் எடுக்க நீ இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாய். ஆக, காலையில் வந்த பிரீனாவே மாலையிலும் நிற்கிறாள். இத்தனைக்கும் அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. மருந்தைக் கையில் எடுத்துவிட்டால், எதிரில் இருப்பது யார் என்று அவளுக்குத் தெரிந்தாலும், பெயரைச் சொல்லச் சொல்வாள், கையில் கட்டிய பெயர்ப் பட்டையைப் படிப்பாள், பிறகுதான் கொடுப்பாள். என்னிடமும் தினம் கேட்கிறாள். இரண்டாம் நாளே நான், "அம்மா, நேற்றுச் சொன்ன அதே பெயர்தான்" என்றேன். "செரி டீச்சர், அதே பேர இண்ணைக்கும் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். வேறு என்ன செய்வது.

இப்போது வியாழக்கிழமை நடந்ததற்கு வருகிறேன். இரண்டாம் கட்டிலில் தங்கம்மை என்றொரு அம்மாள். தோள்பட்டை எலும்பு முறிவு, சர்க்கரை வியாதியும் உண்டு, இராச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி. ஐந்தாம் கட்டிலில், எனக்குப் பக்கத்தில், லூர்தம்மாள். கை எலும்பு முறிவு, சர்க்கரை கிடையாது, சர்க்கரை போட்ட சாயா உண்டு. இருவருக்கும் நடக்க முடியும். உன் கட்டடத்தை வடிவமைத்த மேதை, மூன்று கட்டில்களை வடக்குச் சுவரோரமும் மூன்றைத் தெற்குச் சுவரோரமும் போட்டிருக்கிறார். அதாவது வடக்கு வரிசைக்காரர்கள் வடக்கே தலைவைத்துப் படுக்க வேண்டும். நம் ஊரில் அப்படிப் படுக்க வைப்பது எவரை என்பது உனக்குத் தெரியும். தங்கம்மை இரண்டு நாள் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தது கத்தாரில் இருக்கும் அவர் மகன் வைகுண்டராஜன். வீடியோவில் அம்மாவைப் பார்த்தவனுக்கு ஜன்னல் வெளிச்சம் விழும் பக்கம் சந்தேகத்தைக் கொடுத்ததாம். "போன்ல காம்பஸ் உண்டு, அம்மைக்க தலைமாட்டுல வச்சுப் பாருங்க" என்றிருக்கிறான். வைத்துப் பார்த்தார்கள். வடக்கு. கத்தாரிலிருந்து ஒரு அலறல். நான் அப்போது எக்ஸ்ரே எடுக்கத் தள்ளுநாற்காலியில் கீழே போயிருந்தேன். பிரீனா மருந்தகத்தில் நின்றிருந்தாள். கேட்க ஆள் இல்லாத அந்த இடைவெளியில், வைகுண்டராஜன் கத்தாரிலிருந்தே கட்டளையிட, தங்கம்மையும் லூர்தம்மாளும் கட்டில் மாறிவிட்டார்கள். லூர்தம்மாளுக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டாம் கட்டில் ஜன்னலோரம். "சேசுவுக்கு வடக்கு தெற்கு உண்டுமா? காத்து வருதுல்லா, நான் மாறுனேன்" என்று பிறகு என்னிடம் விளக்கினார். மாறியது ஆட்கள் மட்டுமே. மருந்துக் குறிப்பு அட்டை பழைய கட்டிலின் கால்மாட்டிலேயே தொங்கியது. பையும் பழச் சீப்பும் பிளாஸ்கும் பழைய அலமாரியிலேயே இருந்தன. தங்கம்மை அம்மாள் போனைக் கையில் பிடித்து மகனோடு பேசியபடி வராந்தாவுக்கு நடந்துவிட்டார். லூர்தம்மாள் கடற்காற்று போலொன்று முகத்தில் பட்டதும் சேலைத் தலைப்பால் தலை முதல் மூடிக்கொண்டு உறங்கிவிட்டார். துணைக்கு இருந்த அவர் மகள் சாயா வாங்கப் போயிருந்தாள்.

இந்தக் கட்டத்தில்தான் உன் அம்மா என்னைப் பார்க்க வந்தாள். என் கட்டில் காலி. உடனே திரும்பிப் போகிற பழக்கம் அவளுக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. அந்த நேரம் தங்கம்மையைப் பார்க்க ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்களும் பை இருந்த இடத்தில் தங்கம்மை இருப்பார் என்று நம்பி இரண்டாம் கட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள். உன் அம்மா ஊர் விசாரித்தாள். தங்கம்மையின் கொழுந்தனுக்குப் பெண் எடுத்த வீட்டில் உன் அப்பாவின் சிற்றப்பா மகன் சம்பந்தம் செய்திருப்பது தெரிய வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சேலைக்குள் மூடிக் கிடந்த லூர்தம்மாளைச் சுற்றி நின்று, "பாவம் தங்கம்மை, எப்பிடி இருந்தவ, ரெம்ப மெலிஞ்சிற்றா" என்று எல்லோரும் வருந்திக்கொண்டிருந்தார்கள். உன் அம்மா, தங்கம்மையை வாழ்நாளில் பார்த்திராத உன் அம்மா, "ஆமா, ஆளு பாதியாயிற்றா" என்று ஒத்துக்கொண்டாளாம்.

நான் தள்ளுநாற்காலியில் வாசலுக்கு வந்த அந்த வேளையில் பிரீனா ஊசியோடு இரண்டாம் கட்டிலில் நின்றாள். இனி எழுதுவதெல்லாம் என் கண்ணால் கண்டு, காதால் கேட்டது.

"தங்கம்மையா?" என்றாள் பிரீனா.

"ஆமா பிள்ளே, தங்கம்மைதான்" என்றாள் உன் அம்மா. "இப்பந்தான் கண் அசந்தா. எழுப்பாத, அப்பிடியே போட்டிற்றுப் போ."

"எழுப்பணும். அவங்க வாயால பேரு சொல்லணும்."

"நாங்க இத்தன பேரு சொல்லுகது போராதா? நாங்க என்ன கள்ளமா சொல்லுகோம்?"

பிரீனா சேலைக்குள்ளிருந்து நோயாளியின் கையை எடுத்துப் பார்த்தாள். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்ட கையில் பட்டை கட்ட இடமில்லை. மற்றக் கையில் கட்டியிருந்த லூர்தம்மாளின் பட்டை அன்று காலை குளிக்கும்போது அறுந்து குப்பையில் போயிருந்தது. "பட்டை எங்க?" என்று கேட்டாள். அப்போது உன் அம்மா, எதையோ கண்டுபிடித்தவளின் மிடுக்கோடு, அலமாரியின்மேல் இருந்த பிளாஸ்கைக் காட்டினாள். "இந்தாருக்கு! பேரு, வயசு எல்லாம் எழுதியிருக்குல்லா!"

உண்மைதான் ரதீஷ். பிளாஸ்கின் கைப்பிடியில் தங்கம்மையின் பட்டை கட்டியிருந்தது. இந்த வார்டில் எல்லோரிடமும் ஒரே நிறத்துப் பிளாஸ்க். யாருடைய சுக்குக் காப்பியை யார் குடித்தார் என்று புதன்கிழமை ஒரு பெரிய சண்டை நடந்தது. அதைத் தவிர்க்க, தங்கம்மையின் வீட்டார் அவர் கையிலிருந்த பட்டையைக் கத்தரித்துப் பிளாஸ்கில் கட்டிவிட்டார்கள். நான் பிறகு விசாரித்தேன். வேறு இரண்டு கட்டிலிலும் அப்படித்தான். உன் மருத்துவமனையில் சுடுநீர்ப் பாத்திரம் காணாமல் போக வாய்ப்பே இல்லை. ஆள் மாறிப்போகத்தான் எல்லா வாய்ப்பும் இருந்தது.

பிரீனா பிளாஸ்கைப் பார்த்தாள், உன் அம்மாவைப் பார்த்தாள். "நான் பிளாஸ்குக்கா ஊசி போடப் போறேன்?" என்றாள். பிறகு நோயாளியின் முகத்திலிருந்து சேலையை விலக்கி, தோளைத் தட்டி எழுப்பினாள். "அம்மா, எந்திரிங்க. பேரு சொல்லுங்க."

லூர்தம்மாள் கண்ணைத் திறந்து, தன்னைச் சூழ்ந்து துக்கம் கேட்க வந்தவர்கள்போல் நிற்கும் முன்பின் தெரியாத கூட்டத்தைப் பார்த்தார். "லூர்தம்மாள்" என்றார். பிறகு, "இவ்வள பேரும் ஆரு? நான் செத்திற்றனா?" என்றார்.

வேனில் வந்த அம்மாள் ஒருத்தி, "அதாக்கும் மெலிஞ்ச மாதிரி தெரிஞ்சுது" என்றாள்.

பிரீனா ஊசியைத் தட்டில் வைத்தாள். மூடியை மூடினாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குக் குரல் வந்தது; வந்த குரல் கீழ்மாடிவரை கேட்டிருக்கும், உன் நாற்காலி காலியாக இருந்தபடியால் உனக்குக் கேட்கவில்லை. "எல்லாரும் வெளிய போங்க! ஒருத்தரும் இஞ்ச நிக்கப்பிடாது! பழம் வேண்டாம், ரொட்டி வேண்டாம், போங்க!" உன் அம்மா எழுந்து நின்று, "நான் ஆருண்ணு தெரியுமாட்டி ஒனக்கு? ஏ.ஓ. ரதீஷுக்க அம்மையாக்கும்!" என்றாள். அதற்குப் பிரீனா சொன்னதை உன்னிடம் யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். "ரதீஷ் சாருக்க அம்மைண்ணா ரதீஷ் சாருக்குப் போயி ஊசி போடச் சொல்லுங்க. இந்த வார்டுல நான்தான் போடணும். ஊசியில இருக்கது லூர்தம்மைக்கு ஏறியிருந்தா நீங்களா வந்து நிப்பிய?" என்றாள். அத்தனை பேரையும் வாசலுக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினாள். என் தள்ளுநாற்காலியையும் தள்ளினாள். நான் நோயாளி என்று காலைத் தூக்கிக் காட்டிய பிறகே உள்ளே விட்டாள்.

இதுதான் கனிவின்மை. இதுதான் மூத்தோர் அவமதிப்பு. உறங்கியவரை எழுப்பித் துன்புறுத்தியதும் இதுவே. எழுப்பாமல் இருந்திருந்தால் லூர்தம்மாள் மேலும் நன்றாக உறங்கியிருப்பார். இராச் சாப்பாடு சாப்பிடாத, சர்க்கரை வியாதி இல்லாத ஓர் உடம்பில் அந்த அளவு இன்சுலின் போனால் இரத்தத்தில் சர்க்கரை எங்கே இறங்கி நிற்கும் என்பதைக் கணக்கிட எனக்கு முனைவர் பட்டம் தேவையில்லை; உனக்கும் ஒரு மருத்துவரை அழைத்துக் கேட்கத் தெரியும். வியர்த்து, பிதற்றி, நினைவு தப்பியிருப்பார். சுற்றி நின்றவர்கள் தங்கம்மை அயர்ந்து தூங்குகிறாள் என்று எண்ணி விளக்கை அணைத்திருப்பார்கள். அப்போது மெமோ வேறு மாதிரி எழுதியிருப்பாய். அதிலும் பிரீனாவின் பெயர்தான் இருந்திருக்கும். தப்பு நடந்தால் நர்ஸ் குற்றவாளி; நடக்காமல் தடுத்தாலும் நர்ஸ் குற்றவாளி. இப்படியொரு சமன்பாட்டை எந்த மாணவி எழுதிக் காட்டியிருந்தாலும் நான் பூஜ்யம் போட்டிருப்பேன்.

உன் அம்மாமேல் கோபம் கொள்ளாதே. அவள் பொய் சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்தது போல் உறுதியாகச் சொன்னாள், அவ்வளவுதான்; எங்கள் வீட்டில் அது பரம்பரை. வெளியே தள்ளப்பட்ட வருத்தத்தில் வாசலில் நின்ற அத்தனை பேரையும் சேர்த்துக்கொண்டு புகார் எழுதிவிட்டாள். அதில் கையெழுத்திட்ட பதினோரு பேரில் ஒருவர் சாயா கொண்டுவந்த கடைக்காரர். நான் விசாரித்தேன். "எல்லாரும் போட்டாவ, நானும் போட்டேன்" என்கிறார். நேற்றுச் சொர்ணத்துக்குப் போன் செய்து, "ஏட்டி, நீ ஒருத்திய கொல்லப் பாத்தியே" என்று சொன்னேன். அவள், "அக்கா, அந்தப் பிள்ளைக்க வாயி கொள்ளாது" என்றாள். வாய் நல்லதில்லைதான். ஊசி கையில் இருக்கும்போது எனக்கு வேண்டியது வாய் அல்ல.

ஆகவே இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆலோசனை என்று எடுத்துக்கொள்ளாதே. திங்கட்கிழமைக்கு முன் அந்த மெமோவை நீயே கிழித்துப்போட வேண்டும். மருந்து கொடுக்கும் வேளையில் வார்டுக் கதவு சாத்தப்பட வேண்டும். உன் அம்மா வந்தாலும், நான் வந்தாலும், மந்திரி வந்தாலும் வாசலில் நிற்க வேண்டும், அதைச் சொல்லும் வேலை நர்ஸுக்கு இல்லை, அங்கே ஒரு காவலாளியை நிறுத்து. சிந்தியா போன இடத்துக்கு ஆளைப் போடு. ஒருத்தி இரண்டு பேராக நிற்பது தியாகம் என்று உன் ஆண்டுவிழா மேடையில் பேசுவாய், ஆய்வுக்கூடத்தில் அதற்கு விபத்துக்கு முந்திய நிலை என்று பெயர். வீட்டாருக்குப் பிளாஸ்கில் கட்ட வேறு பட்டை கொடு, வேண்டிய நிறத்தில் கொடு, பேரனின் பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்ளட்டும். கையில் இருப்பதைத் தொட விடாதே. கடைசியாக, கட்டில்களைக் கிழக்கு மேற்குச் சுவர்களுக்கு மாற்று. எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. பூமியின் காந்தப் புலத்துக்குத் தங்கம்மையின் தலை எந்தப் பக்கம் என்பதில் அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் இந்த மாவட்டத்தின் மனதை மாற்ற நான் முப்பத்து நான்கு வருடம் பாடம் நடத்திப் பார்த்துவிட்டேன். கட்டிலை நகர்த்துவது அதைவிட எளிது, சக்கரம் இருக்கிறது.

இவை நடக்கும்வரை நான் இந்த இடத்தை விட்டு எழுவதாக இல்லை. இன்று காலை மருத்துவர் என்னிடமும் லூர்தம்மாளிடமும் வீட்டுக்குப் போகலாம் என்றார். போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் கட்டிலில் கிடப்பவர், அதாவது இப்போது மறுபடி முறையாக அங்கே கிடக்கும் லூர்தம்மாளும் அப்படியே சொல்லிவிட்டார்: "எனக்க உசுரக் காத்த பிள்ளைய வெளிய விட்டா நான் இஞ்சயே கெடப்பேன், கஞ்சி கொண்டுவாருங்க." தங்கம்மையும் சேர்ந்துவிட்டார், சொந்த மகன் கத்தாரிலிருந்து வேண்டாம் என்றும் கேட்கவில்லை. வடக்கே தலை வைத்தபடியே கிடக்கிறார், அந்த அளவுக்கு உறுதி. மூன்று கட்டில்களை நாங்கள் பிடித்து வைத்திருக்கிறோம். உன் ஆஸ்பத்திரி வாசலில் வெயிலில் உட்கார்ந்து கொடி பிடிப்பவர்களை நீ பார்த்திருக்கலாம். மெத்தையில் படுத்துக்கொண்டு, வேளைக்குக் கஞ்சி வாங்கிக் குடித்துக்கொண்டு, டிஸ்சார்ஜ் ஆக மறுக்கும் போராட்டத்தை இதுவரை பார்த்திருக்க மாட்டாய். எவ்வளவு நாளானாலும் இந்தக் கட்டிலிலிருந்து என்னை இறக்க ஆள் கிடையாது.

உன் குழந்தைக்கு என் முத்தங்கள். மனைவியைக் கேட்டதாகச் சொல். நீ நீண்ட ஆயுளோடும் நல்ல தீர்மானத்தோடும் விளங்க வேண்டும் என்று, தீர்மானத்தைச் சற்று அழுத்தி, ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பெரியம்மா,
முனைவர் வசந்தாபாய்,
வேதியியல் துறைத் தலைவர் (ஓய்வு).

பி.கு.: மேலே போராட்டத்தைப் பற்றி எழுதிய பத்தியை அடித்துவிட்டதாகக் கொள்ளவும். இக்கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது பிரீனா வந்து, இடுப்பில் கைவைத்து நின்றாள். "டீச்சர், டிஸ்சார்ஜ் ஆவ மாட்டேண்ணு சொன்னியளாமே?" என்றாள். உனக்காகத்தானம்மா என்றேன். "எனக்காண்டியா? கீழ ஒரு அம்மை இடுப்பெலும்பு ஒடிஞ்சு ஸ்ட்ரெச்சர்ல கெடக்கு. மேல பெட்டு இல்லண்ணு வராந்தாவுல போடப் போறாவ. வராந்தாவுல கெடந்தா ஆரு பாப்பா? அதுக்கும் நான் ஒருத்திதான் ஓடணும். எனக்க வேலைய நான் பாத்துக்கிடுவேன், நீங்க எந்திரிங்க" என்றாள். இது கொள்கைப் பிரச்சினை என்று நான் தொடங்கினேன். "கொள்கைய வீட்டுல வச்சு நடத்துங்க டீச்சர், இந்தா வாக்கர்" என்று என் துணிப்பையை அவளே கட்டிவிட்டாள். லூர்தம்மாளையும் கிளப்பிவிட்டாள். தங்கம்மைக்கு மட்டும் சர்க்கரை இன்னும் அடங்காததால் இருக்க அனுமதி. என்னை ஓர் அறையிலிருந்து வெளியே அனுப்பியவர் இதுவரை எவரும் இல்லை. அது எப்படி இருக்கும் என்று இன்று தெரிந்துகொண்டேன். இந்தப் பகுதியைக் கொட்டாரத்தில் என் வீட்டிலிருந்து எழுதுகிறேன். கட்டில்கள் உன் வசம். ஆனால் திங்கட்கிழமை விசாரணைக்கு வாக்கரோடு வருகிறேன். உன் மேசைக்கு எதிரே மெத்தை தைத்த நாற்காலி ஒன்று கிடக்கிறது. அதில் போராட்டத்தைத் தொடரலாமா என்று கிளம்பும்போது பிரீனாவிடம் கேட்டேன். எந்த நோயாளிக்கும் அது தேவைப்படாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று சொல்லியிருக்கிறாள்.